நான் ‘இல்லை’ என்று நிரப்பிய கட்டம்

அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த வியாழக்கிழமை மத்தியானம் கூட இருந்தவர்கள் மூன்று பேர். நான், அம்மாவின் அக்கா வெள்ளையம்மா பெரியம்மா, அம்மா வேலை பார்க்கும் பலகாரக் கடையின் முதலாளி ஆச்சி. இல்லாதவர்கள் இரண்டு பேர். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பா, இரண்டு வயதுப் பிள்ளையோடு திருப்பூரில் இருக்கும் தங்கச்சி. அன்றைக்கு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். இருந்த மூன்று பேரில் அதற்கு உண்மையான பதில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர் நெற்குப்பைக்குப் பக்கம். வேலைக்காகக் காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று சொந்தக்காரர்கள் எல்லாருடைய படிவமும் என் கைக்குத்தான் வரும். கேட்கிற இடத்தில் பேச வேண்டியதும் நான்தான். “நீ சொல்லுடா, நீதான படிச்சவன்” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு அவர்கள் பின்னால் நின்றுகொள்வார்கள்.

அந்த வேலையில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்கும். சான்று கேட்கும், தேதி கேட்கும். ‘இல்லை’ என்று போட்டால் நேராகக் கையெழுத்துக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ‘இல்லை’ போடுவேன். விரல் தானாகவே அங்கே போகும்.

அம்மாவுக்கு வெக்கை தொடங்கியது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்பு. வயது நாற்பத்திரண்டு. நெஞ்சுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, முகம் முழுக்கப் பரவும். இரண்டு மூன்று நிமிஷம்தான். அதற்குள் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிவிடும். இறங்கியதும் உடம்பு சில்லிட்டுப் போய்ப் போர்வை கேட்பாள்.

“யாரோ உள்ளுக்குள்ள அடுப்பைப் பத்தவச்சு அணைக்கிற மாதிரி இருக்குடா” என்பாள்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுடைய வேலை அப்படி. காலை ஆறு மணியிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தேன்குழல் பிழிய வேண்டும். கல்யாணச் சீருக்கு ஆர்டர் வந்தால் மனகோலம், சீடை, அதிரசம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

“எண்ணெச் சட்டி முன்னாடி நின்னா வேர்க்காம குளிரவாடி செய்யும்?” என்று பெரியம்மா கேலி செய்தாள். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். செவ்வாய் வெள்ளி தவறாமல் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். ஆனால் அடுப்பே பற்றவைக்காத ஞாயிற்றுக்கிழமையும் அந்த வெக்கை வந்தது. முக்கால்வாசி நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்தது.

நான் போனில் தேடிப் பார்த்தேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு இப்படி வரும் என்று போட்டிருந்தது. சரி, இதுதான் என்று முடிவு கட்டினேன். அம்மா முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டு, “இது வயசுக்குத் தக்கன வர்ற மாத்தம்தாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல” என்றேன். “சரிப்பா” என்றாள். நின்றுவிட்டதா, நிற்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. எந்த மகன் கேட்பான் என்று அப்போது நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

இனி அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சிக்கு எங்கள் வீட்டில்தான் பிள்ளைப்பேறு பார்த்தோம். பெரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “பிள்ளை பெத்த உடம்பு, வலிக்கும். ஒரு பிராந்தி வாங்கிட்டு வாடா, ராத்திரிக்கு ஒரு மூடி குடுக்கணும்” என்றாள். எங்கள் பக்கம் பல வீட்டில் இது உண்டு. பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு மாதிரி, மிளகு ரசம் மாதிரி, அதுவும் ஒரு மருந்து. வீட்டில் ஆம்பளை நான்தான். போய் வாங்கி வந்தேன். தங்கச்சி இரண்டு நாள் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். மிச்சப் பாட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் நின்றது.

அம்மாவுக்கு வலது தோள்பட்டையில் வலி. வருஷக்கணக்காகத் தேன்குழல் அச்சை அழுத்தி அழுத்தி வந்தது. ஒரு நாள், வீணாகப் போகிறதே என்று அதிலிருந்து ஒரு மூடி குடித்திருக்கிறாள். மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன்டா. கை வலியே தெரியல.”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பாட்டில் தீர்ந்ததும் அடுத்ததை நானாகத்தான் வாங்கி வந்தேன். அம்மா கேட்கவில்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா கேட்கவில்லை.

அதற்கு நாங்கள் ‘மருந்து’ என்று பேர் வைத்திருந்தோம். “தம்பி, மருந்து தீந்துபோச்சு” என்றால் எனக்குப் புரியும். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை அந்தக் கடை வாசலில் போய் நிற்க முடியாது. நான் நிற்கலாம். மையத்தைப் பூட்டிவிட்டு ஆறரை மணிக்கு வரும்போது பன், வாழைப்பழம், பேப்பரில் சுற்றிய ‘மருந்து’ மூன்றும் வண்டிப் பெட்டியில் இருக்கும். அம்மா அடுப்படியில் நின்றபடியே, கஷாயம் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். பிறகு சோறு வடிப்பாள், எனக்குப் போடுவாள், படுத்துக்கொள்வாள். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. குடிகாரன் என்றால் எனக்கு ரோட்டோரம் கைலி அவிழ்ந்து கிடக்கிற ஆள்தான். அதனால் அம்மாவை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கவே தோன்றவில்லை.

மூடி அரை டம்ளர் ஆனது. அரை டம்ளர் ஒரு குவார்ட்டர் ஆனது. கடைசி ஐந்தாறு மாதமாக ஒரு குவார்ட்டரும் பத்தவில்லை. வெக்கை வந்து தூக்கம் கெட்டது. தூக்கம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். ஊற்றியதும் வெக்கை கூடியது. ஆறரைக்குப் பாட்டில் திறக்கிறது, ஏழு மணிக்குச் சூடு ஏறுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நான் கணிதப் பட்டதாரி.

அந்த வியாழக்கிழமை பெரிய சீர் ஆர்டர். சட்டி முன்னால் நிற்கும்போதே அம்மாவுக்குச் சூடு ஏறியிருக்கிறது. கண் இருட்டியது. நல்ல வேளை, இரண்டடி பின்னால் வந்து உட்கார்ந்து, மாவு மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள். ஆச்சி தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரத்த அழுத்தம் கூடுதல், நாடி வேகம் என்றார்கள்.

நர்ஸ் ஜெயந்தி சிஸ்டர் ஒரு படிவத்தை நீட்டினார். பெரியம்மா உடனே, “எங்க தம்பிகிட்ட குடுங்க, அவன் நல்லா நெரப்புவான்” என்றாள். பெயர், வயது, முகவரி, ஒவ்வாமை. கடைசிக்கு முந்தின வரி ‘பழக்கங்கள்’. புகை, மது, புகையிலை என்று மூன்று கட்டம். மூன்றிலும் ‘இல்லை’ என்று போட்டேன். யோசிக்கவே இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது.

டாக்டரம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவர். படிவத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “மாதவிடாய் எப்படி இருக்கு?”

“அதெல்லாம் மாசம் தவறாம வருதுங்க. அதுக்கென்ன குறைச்சல்” என்றாள் பெரியம்மா. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் கட்டி வைத்திருந்த முடிவு அந்த ஒரு வரியில் போனது.

“வேற ஏதும் பழக்கம் உண்டா? வெத்தலை, புகையிலை, குடி?”

அம்மா என்னைப் பார்த்தாள். ஆச்சி பக்கத்தில் நின்றார். பெரியம்மா நின்றாள்.

“இல்ல டாக்டர்” என்றேன்.

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பார்வையை நான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்பது பிறகு.

ஒருத்தருக்கு வேர்த்துக் கொட்டினால் டாக்டர்கள் எதையெல்லாம் தேடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் வேர்க்கும். சர்க்கரை இறங்கினால் வேர்க்கும். காசநோயில் வேர்க்கும். அதனால் ரத்தம், சளி, நெஞ்சு எக்ஸ்ரே. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குகிறதா என்று பார்க்க ஹார்மோன் பரிசோதனை. வயிற்று ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் கவுன்ட்டரில் ஒரு வரிசை.

“எம்புட்டுடா ஆச்சு?” என்று ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்பாள்.

“கம்மிதாம்மா.”

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வந்தார். தைராய்டு சரி. சர்க்கரை சரி. நெஞ்சு சரி. ஹார்மோனும் மாதவிடாய் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு இருக்க வேண்டியபடி இருந்தது. “ஆனா கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. ரத்தத்துல கல்லீரலைக் காட்டுற இந்த எண்ணும் கூட இருக்கு. குடிக்கிறவங்களுக்கு வர்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுல யாரும்...?”

“அப்பாகூட குடிக்க மாட்டாங்க டாக்டர்” என்றேன். அது உண்மை. ஒரு உண்மையை எடுத்து இன்னொன்றை மூடினேன்.

அதனால் அவர் வேறு பக்கம் தேடப் போனார். தப்பு அவர்மேல் இல்லை. நான் கதவைச் சாத்தினால் அவர் சுவரைத்தான் தட்டிப் பார்க்க முடியும். மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று மூன்று சோதனை. பிறகு, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பியில் கட்டி வந்தால் திடீர் திடீரென்று வேர்க்கும், ரத்த அழுத்தம் ஏறும் என்றார். அதைப் பார்க்க ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் சேர்க்க வேண்டும், மறுநாள் சி.டி. ஸ்கேன்.

கட்டி என்ற சொல் விழுந்ததும் பெரியம்மா வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, எதுவும் நடக்காத மாதிரி அம்மாவுக்கு விசிறினாள். அந்தக் கேனையும் அவளே தூக்கிக்கொண்டு அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். “கோயிலுக்குப் பால்குடம் எடுக்கக் கூப்புட்டா வரமாட்ட. இப்ப பாரு, ஒனக்கு நான் குடம் தூக்குறேன்” என்றாள். அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கை நடுங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நடுக்கம் கூடியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. “அதே வெக்கைதான்” என்றாள் பெரியம்மா. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள், “எனக்கு என்னமோ பண்ணுதுடா” என்றாள்.

என்ன பண்ணுகிறது என்று எனக்குப் பாதி தெரிந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு குவார்ட்டர் வாங்கினேன். குளிர்பான பாட்டிலில் கலந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். உள்ளே கொண்டுபோகவும் பயம், டாக்டரிடம் சொல்லவும் பயம். வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போய், “கொஞ்சம் தூங்கும்மா, சரியாயிரும்” என்றேன்.

சனிக்கிழமை காலை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பெரியம்மா இட்லி வாங்கி வார்டில் எல்லோருக்கும் கொடுத்தாள். பதினோரு மணி வாக்கில் ஆச்சி ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்தார். “என்ன ராக்கு, இப்ப தேவலையா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா ஆச்சியைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி, எதையோ பிடித்துச் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தாள். தேன்குழல் பிழிந்தாள். காற்றில்.

“எண்ணெ காயுது. மாவைக் கொண்டாங்கடி. நேரமாச்சு” என்றாள். என்னைப் பார்த்து, “யாரு நீங்க? அங்குட்டு நில்லுங்க, எண்ணெ தெறிக்கும்” என்றாள்.

ஆச்சி கையிலிருந்த ஃபிளாஸ்க் நழுவிக் கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. அடுத்த நிமிஷம் அம்மாவின் உடம்பு விறைத்தது. கண் மேலே போனது. கட்டில் ஆட ஆட வெட்டி வெட்டி இழுத்தது. ஜெயந்தி சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். யாரோ திரையை இழுத்தார்கள்.

இழுப்பு நின்று, அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது டாக்டரம்மா என்னை நோக்கி வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். “தம்பி, மூணாவது தடவை கேக்குறேன். எவ்வளவு, எத்தனை வருஷமா, கடைசியா எப்போ?”

கீழே ஓடினேன். வண்டிப் பெட்டியைத் திறந்து அந்த குவார்ட்டரைப் பேப்பரோடு எடுத்துக்கொண்டு வந்து, வராந்தாவில் எல்லோருக்கும் முன்னால் அவர் கையில் கொடுத்தேன்.

“இதுதான் டாக்டர். தினமும் ஒண்ணு. இப்ப அதுக்கும் மேல. ரெண்டு வருஷமா. கடைசியா புதன்கிழமை சாயங்காலம்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “வாங்கிக் குடுத்தது நான்தான்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. அதற்கு நேரமில்லை. “ஜெயந்தி, குடி நின்னதால வந்தது. ஊசி ரெடி பண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தினமும் குடிக்கிறவர்களுடைய மூளை, குடி தன்னை அமுக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கு எதிராக முட்டுக்கொடுத்து நிற்கும். திடீரென்று குடி நின்றால், முட்டுக்கொடுத்த வேகத்திலேயே முன்னால் விழும். அதுதான் நடுக்கம், வேர்வை, இல்லாததைப் பார்ப்பது, இழுப்பு. உயிரே போகலாம். அதனால் யாரும் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். முதல் நாளே தெரிந்திருந்தால், வார்டில் வைத்தே மாத்திரை கொடுத்து மெல்ல இறக்கியிருக்கலாம்.

மூன்று நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஊசியும், பி1 என்கிற வைட்டமினும் டிரிப்ஸில் ஏறிக்கொண்டிருந்தன. அப்பா வீடியோ காலில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நீயாவது சொல்லியிருக்கலாமேடா எங்கிட்ட” என்றார். பிறகு, “சாப்புட்டியா?” என்றார். அந்தக் கேள்விக்குத்தான் அழுதேன்.

பெரியம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். “எனக்கு வாடை தெரியாதுன்னா நெனைக்கிற? ஒங்கம்மா ஏலக்காயை மென்னுக்கிட்டு வந்தா தெரியாமப் போயிருமா?” என்றாள்.

“பெறகு ஏன் நீங்க டாக்டர்கிட்ட சொல்லல?”

“நீ இல்லைன்ன. படிச்ச பிள்ளை சொல்லுது, அதுல ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்.” டீயை என் பக்கம் தள்ளி, “மொத பாட்டில வாங்கச் சொன்ன வாயும் என் வாய்தானடா” என்றாள்.

எனக்கு எல்லோரையும்விட ஆச்சியின் முன்னால்தான் கூச்சமாக இருந்தது. இனி அம்மாவை வேலைக்கு வைத்துக்கொள்வாரா என்று பயம். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “எங்க ஆளுகள்லயும் பொம்பளைக குடிக்கிறாகப்பா. கண்ணாடி கிளாஸ்ல ஐஸ் போட்டுக் குடிச்சா அதுக்குப் பேர் வேற. ராக்கு வரட்டும். இனிமே எண்ணெச் சட்டி வேணாம், பேக்கிங்ல உக்காரட்டும். சம்பளம் அதேதான்.” ஒரு கவரை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். உள்ளே இருபதாயிரம் இருந்தது.

நான்காம் நாள் அம்மாவுக்குத் தெளிந்தது. வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஜெயந்தி சிஸ்டர் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டு, “பெரிய தேன்குழல் எல்லாம் பிழிஞ்சீங்களே, எங்களுக்கு ஒண்ணாவது குடுத்தீங்களா?” என்றார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர் போனதும் என்னைக் கேட்டாள்.

“சொல்லிட்டியாடா?”

“சொல்லிட்டேம்மா.”

“எல்லாரும் இருக்கையிலயா?”

“ஆமா.”

திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கே சொல்லுவேன்னு பாத்தேன். எனக்குச் சொல்ல வாய் வரல. அதான் ஒன்னப் பாத்தேன். எம்பிள்ளை சொல்லிருவான்னுதான் பாத்தேன்.”

மூன்று மாதமாக இந்த வார்த்தை என்னோடு இருக்கிறது. ‘இல்ல டாக்டர்’ என்று சொன்னபோது அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அம்மாவுக்கு அந்த மானம் வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. அப்படியென்றால் நான் காப்பாற்றியது யாருடைய மானம்? கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பியின் அம்மா குடிக்கிறாள் என்று ஊர் பேசக்கூடாது. அவ்வளவுதான். அதற்காக அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று வெக்கையைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். “மூளைக்குள்ள உடம்போட சூட்டைக் கவனிக்கிற ஒரு இடம் இருக்கு. மாதவிடாய் நிக்கப்போற வயசுல அது சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறும், உடனே உடம்பை வேர்க்க வைக்கும். ஆனா மாதவிடாய் நிக்காத பெண்களுக்கும் இந்த வெக்கை வரலாம். குடிச்சா ரத்தக் குழாய் விரியும், சூடு தோலுக்கு வரும், அந்த இடமும் தடுமாறும். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மத்ததெல்லாம் சரியா இருக்கு. நிறுத்திப் பார்ப்போம்மா. உடம்பே சொல்லும்.”

“இனிமே தொட மாட்டேன் டாக்டரம்மா” என்றாள் அம்மா.

“தோள் வலிக்கு?”

இரண்டு வருஷமாக எங்களை யாரும் கேட்காத கேள்வி அது. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா தோளுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். துண்டைப் பிடித்து இழுக்கிற பயிற்சி. செலவில்லாதது.

கவுன்ட்டரில் பில் கட்டிவிட்டு வந்தபோது அம்மா கேட்டாள், “எம்புட்டுடா?” காப்பீட்டில் போய்விட்டது, நாம் கட்டியது ஏழாயிரம்தான் என்றேன். வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த பொய். விரல் தானாக அங்கே போகிறது என்று சொன்னேன் இல்லையா.

இந்த மூன்று மாதத்தில் அம்மா தொடவில்லை. முதல் மாதம் கஷ்டம். சாயங்காலம் ஆறரை ஆனால் வீட்டுக்குள் இங்குட்டும் அங்குட்டும் நடப்பாள். பெரியம்மா அந்த நேரத்துக்கு வந்து, வேண்டுமென்றே எதையாவது சொல்லிச் சண்டை இழுப்பாள். சண்டை முடியும்போது மணி எட்டாகியிருக்கும். வெக்கை முதலில் வாரத்துக்கு நாலாக இறங்கியது, பிறகு ஒன்றிரண்டாக. போன மாதம் மூன்று தடவை வந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று எழுதமாட்டேன். உள்ளதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை மறு பரிசோதனைக்குப் போனபோது பழைய பில்லையும் எடுத்துப் போனேன். “டாக்டர், முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தா இதுல எதெல்லாம் வந்திருக்காது? டிக் பண்ணிக் குடுங்க” என்றேன்.

“எதுக்கு தம்பி அது? நல்லாயிட்டாங்கல்ல” என்றார். நான் பில்லை நீட்டியபடியே நின்றேன். பென்சிலை எடுத்தார். தைராய்டு, சர்க்கரை, எக்ஸ்ரே, ஹார்மோன், வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அவை எப்படியும் பார்த்திருக்க வேண்டியவை. மஞ்சள்காமாலைச் சோதனை, கேனில் சேர்த்த சிறுநீர்ச் சோதனை, சி.டி. ஸ்கேன், தீவிர சிகிச்சையில் மூன்று நாள், அங்கே போட்ட ஊசி மருந்து. ஐந்து டிக்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் துண்டைப் பிடித்துத் தோளை இழுத்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“ஏழாயிரம்னு அன்னைக்கு நீ சொன்னது பொய்தானே?”

“ஆமாம்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஒன் மூஞ்சியப் பாக்கத் தெரியும். மொத்தம் எம்புட்டு?”

“ஐம்பத்தெட்டாயிரத்து இருநூத்தி அறுபது.”

துண்டு அவள் கையிலேயே நின்றது. அப்பா அனுப்பியது, ஆச்சி கொடுத்தது, தங்கச்சி அடகு வைத்த வளையல், எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அன்னைக்கு நீ உள்ளதைச் சொல்லியிருந்தா, அதுல எம்புட்டுடா ஆகியிருக்காது?”

தாளை விரித்தேன். பென்சில் டிக் போட்ட ஐந்தையும் பஸ்ஸிலேயே கூட்டியிருந்தேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி எழுபது ரூபாய்மா.”